மிச்சத் தூரம்

கூழைத்தேரி விமான நிலையத்திலிருந்து வெண்முனை விமான நிலையத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பறக்கும் நேரம் பத்தொன்பது நிமிடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வரவேற்புக் கூடத்துச் சுவர் முழுக்க விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இரண்டு ஊர்களை எதற்காக இணைக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கூழைத்தேரி, தென்கடலோரத்தில் சிவப்பு மணல் குன்று குன்றாகக் கிடக்கிற இடம். வெண்முனை, இந்தியப் பெருங்கடலின் அடிவயிற்றில் பனி மூடிய ஒரு தீவு. அங்கே பெங்குவின்களும் விமான நிறுவனத்தின் விடுதியும் இருந்தன. உலகம் தோன்றிய நாளிலிருந்து கூழைத்தேரிப் பக்கத்துக்காரர் ஒருவருக்கும் வெண்முனையில் ஒரு சோலியும் இருந்ததில்லை. பெங்குவின்களும் இந்தப் பக்கம் வரவேண்டும் என்று விண்ணப்பித்ததாகத் தகவல் இல்லை. இரண்டு இடத்திலும் நிலம் சும்மா கிடந்தது, அதுதான் காரணம்.

சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் வந்து, காரில் இரண்டு மணி நேரம் குலுங்கி, சோதனை வரிசையில் பாதிக் காலைப்பொழுது நின்று, அப்புறம் ஏறிப் பத்தொன்பது நிமிடத்தில் இறங்கினார்கள். பழைய முறையில் பறந்தால் ஒன்பது மணி நேரம் ஆகியிருக்குமே, அத்தனையும் மிச்சம் என்று பெருமைப்பட்டார்கள். மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்தார்கள் என்றால், மிச்சம் பிடித்ததைப் பற்றிப் பேசினார்கள்.

அந்தக் கூடத்தில் நின்று அவர்களை வரவேற்கிறவன் இருதயராஜ். விமானத்தை விடுகிற ‘அண்மை’ என்ற நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலர், தற்காலிகம். பக்கத்துக் கடற்கரை ஊரான புன்னையடியில் பிறந்தவன். ஊர்க்காரன் ஒருவன் உள்ளே இருந்தால் ஊரைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அவனை எடுத்திருந்தார்கள். பயணிகளை அவன் மனதுக்குள் ரகம் பிரித்து வைத்திருந்தான். மதுக்கோப்பையில் போட, பல ஆயிரம் வருடத்துப் பழைய பனிக்கட்டி வெட்டி வரப் போகிறவர்கள் ஒரு ரகம். பிள்ளையின் முதல் பிறந்தநாளைப் பெங்குவின்கள் முன்னிலையில் கொண்டாடப் போகிறவர்கள் இன்னொரு ரகம். அங்கே போய் மௌனமாக இருக்கப் போகிறேன் என்று வழியெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் அவனுக்கு ரொம்பப் பிடித்த ரகம். எல்லோருக்கும் கும்பிடு போட்டு ஒரே அளவு சிரித்தான். அதற்குத்தான் சம்பளம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், பொறியாளர் பானுரேகா அவனுக்கு விஷயத்தை விளக்கினாள். பயணிகள் குறுக்குக் கேள்வி கேட்டால் இரண்டு வார்த்தை சொல்லத் தெரிய வேண்டும் அல்லவா. ஓய்வறையில் விரித்திருந்த ஜமக்காளத்தின் இரண்டு ஓரங்களையும் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தாள். ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டன. நடுவில் ஒரு மடிப்புப் புடைத்து நின்றது.

“இவ்வளவுதாங்க. ரெண்டு ஓரமும் பக்கத்துல வந்துடுச்சு. எறும்பு ஒரே எட்டுல தாண்டிடும்.”

“நடுவுல பொடச்சிட்டு நிக்குதே?”

“அதை ஒரு மூலைக்குத் தள்ளிடுவோம். தூரத்தை அழிக்க முடியாதுங்க. ஓரிடத்துல எடுத்தா இன்னோரிடத்துல வச்சாகணும். பெரும்பங்கு கடல்ல கரைஞ்சிடுது, கடலுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. கரையாம கொஞ்சம் நிக்கும். மிச்சத் தூரம்னு சொல்லுவோம். அதுக்கு ஆள் இல்லாத தரையா ஒண்ணு வேணும்.”

ஆள் இல்லாத தரையை அவள் திரையில் காட்டினாள். புன்னையடிக்கும் உள்நாட்டு ஊரான காரவிளைக்கும் நடுவே கிடந்த செம்மணல் தேரி. வானத்திலிருந்து எடுத்த படத்தில் அது வெறும் சிவப்பாக இருந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு காலையில் அதைக் கடந்துபோகிற மீன்காரப் பெண்கள், படம் எடுத்த வேளையில் காரவிளைத் தெருக்களில் விற்றுக்கொண்டிருந்திருப்பார்கள். இருதயராஜுக்கு அது தெரியும். அவர்களில் ஒருத்தி அவனுடைய அக்காள். ஆனால் முதல் வாரத்திலேயே குறை சொல்கிறவன் என்று பெயர் எடுக்க அவன் விரும்பவில்லை. படம் நன்றாக இருக்கிறது என்றான்.

வாரத்துக்கு ஒரு விமானம் போனது. அது போன நாளும் மறுநாளும் தேரி நீண்டு கிடந்தது. ஊர்க்கதை பேசிக்கொண்டே கடந்துவிடுகிற மணலில், அந்த இரண்டு நாளும் பெண்கள் காலையில் இறங்கினால் மத்தியானம் தாண்டித்தான் கரையேறினார்கள். மூன்றாம் நாள் அது மணலுக்குள் இறங்கிப் பழையபடி ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. காரவிளைப் பனைகள் என்றைக்கும் போல அதே உயரத்தில் அதே இடத்தில் நின்றன. வெளிச்சம் மடிப்பின் மேலாகவே தாவிப் போய்விடும் என்று பானுரேகா சொன்னாள். காலுக்கும் குரலுக்கும்தான் அது முடியாது. ஊர்க்காரர்கள் புகார் கொடுத்தபோது அளவைக்காரர்கள் வந்தார்கள். தேரியின் இந்தப் பக்கம் குடையை விரித்து உட்கார்ந்து, ஒளிக்கற்றையை அந்தப் பக்கம் அனுப்பி அளந்தார்கள். தூரம் இம்மியும் கூடவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மணலில் ஒருவரும் கால் வைக்கவில்லை. சுட்டது.

இப்படி இருக்கும்போதுதான், விமானத்தைத் தினசரி ஆக்க நிறுவனம் அனுமதி கேட்டது. ஊரை விசாரித்துவிட்டு முடிவு சொல்ல அரசு ஓர் ஆணையரை அமர்த்தியது.

அது ஊருக்குத் தெரிந்த மறுநாள் காலையில் அக்காள் அந்தோணியம்மாள் அவனுடைய குடியிருப்புக்கு வந்தாள். விமான நிலையத்து வேலிக்கு உள்ளே, புன்னையடியைப் பார்த்தபடி கட்டிய வீடு. அவள் வீட்டிலிருந்து தாழம்புதர் வழியாக ஓர் ஒற்றையடிப் பாதை நேராக அங்கே வரும். வந்தவள் கூடையை அவனுடைய பளபளப்பான தரையில் இறக்கி வைத்தாள்.

“மோந்து பாருல.”

மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“கரையேறுன கையோட எடுத்த சாளை. நேத்து காரவிளையில எறக்குனா பூனை மூஞ்சியத் திருப்பிட்டுப் போவுது. மனுசன் எப்பிடி வாங்குவான்?”

விமானம் போகிற நாளில் போகாதீர்கள் என்று சொல்லியிருந்தேனே என்று அவன் முணுமுணுத்தான்.

“சரி, ரெண்டு நாளு போவல. இனிமே தெனமும் பறக்கப் போறானுவளாமே, அப்ப எந்த நாளு போவ? சுத்திப் போற பஸ்ஸுல கூடைய ஏத்தவுடுதானா கண்டக்டரு? மூக்கப் பொத்திட்டு விசிலு ஊதுதான்.”

“கருவாடு போட்டு விக்கலாம்லா யக்கா. கெட்டுப் போவாது.”

அந்தோணியம்மாள் அவனுடைய கழுத்துப்பட்டையையும் மார்பில் குத்தியிருந்த பெயர் வில்லையையும் மேலும் கீழும் பார்த்தாள்.

“காரவிளைக்காரி பச்சமீனுக்குல மசாலா அரச்சு வச்சிருக்கா. நீ பல்லக் காட்டிப் பொழைக்கணும்னு நான் கருவாடு விக்கணுமாக்கும். ஒன்னப் படிக்க வச்சேன்னு சொல்லிக் காட்ட வரல. அத எல்லா அக்காமாரும் சொல்லுவா. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. விசாரணைக்கு ஒரு அம்மா வாராவளாம். அவிய கேப்பாவ, நாங்க சொல்லுவோம். நீ எங்களுக்காவப் பேச வேண்டாம். வாயத் தொறக்காம நின்னாப் போதும். அதையாவது செய்வியா?”

செய்வேன் என்றான். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். நாற்றத்தை விட்டுவிட்டுப் போனாள்.

விசாரணை ஆணையரை நினைத்து நிலைய மேலாளர் தணிகைநாதன் சாப்பாடு இறங்காமல் இருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி கோமளவல்லி யாருக்கும் வளையாதவர். அந்த அம்மாள் முன்னால் ஊரே திரண்டு அழுதால் தினசரி விமானம் போச்சு. கூடவே தன்னுடைய பதவி உயர்வும் போச்சு. இருதயராஜை அறைக்குள் கூப்பிட்டு, உன் ஊர்க்காரர்களை ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அவனுடைய வேலையை நிரந்தரமாக்குகிற தாள் மேசையில் கிடப்பதாகவும், கையெழுத்துப் போடப் பேனாதான் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்.

அக்காளுக்குக் கொடுத்த வாக்கு அவனுக்கு நினைவிருந்தது. விசாரணையில் வாயைத் திறப்பதில்லை என்றுதான் வாக்கு. இது விசாரணை இல்லையே.

“சார், அவங்கள மண்டபத்துல உக்கார வச்சு, என்ன குறைன்னு கேட்டா விடிய விடியச் சொல்லுவாங்க. கேள்விய மாத்தணும். அந்த அம்மா நேரா ஊருக்குள்ள நடந்து போகட்டும். நல்ல வெயில்ல. ‘காரவிளைக்குப் போகணும், எவ்வளவு தூரம்’னு ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்களே கேக்கட்டும். வேற ஒண்ணும் கேக்க வேண்டாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார்.”

மேலாளர் அவனை முதன்முறையாக நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

அந்தக் கடற்கரையில் பிறக்காதவர்களுக்கு இது புரியாது. அங்கே களைத்து வருகிற ஒருவர் வழி கேட்டால், தூரம் என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்வது வந்தவரைப் பட்டினியாக அனுப்புவதற்குச் சமம். இந்தா இருக்கு என்பார்கள். பக்கத்துத் தெருவுக்குக் கேட்டாலும் இந்தா இருக்கு. கன்னியாகுமரிக்குக் கேட்டாலும் இந்தா இருக்கு. நம்பி நடந்தவர்கள் காலைத் தேய்த்துக்கொண்டு வைததுண்டு. ஆனால் வைதவர்களும், அடுத்த ஆள் அவர்களிடம் வழி கேட்டபோது அதையேதான் சொன்னார்கள்.

ஆணையருக்கு யோசனை மிகவும் பிடித்துவிட்டது. அறைக்குள் உண்மை வராது, தெருவில்தான் வரும் என்று தம் பணிக்காலம் முழுக்கச் சொல்லி வந்தவர் அவர். விமானம் போன மறுநாள், துணிச்செருப்புப் போட்டுக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, பின்னால் ஓர் எழுத்தரோடு, கடற்கரைச் சாலை முடிவிலிருந்து நடந்தே புன்னையடிக்குள் வந்தார். பின்னால் தணிகைநாதன் வந்தார். அவருக்கும் பின்னால், வாயை இறுக மூடிக்கொண்டு இருதயராஜ்.

ஊர் கோயில் முன்னால் பூவரச மர நிழலில் கூடியிருந்தது. முந்தின நாள் முழுக்க அவர்கள் பேசிப் பழகியிருந்தார்கள். முதலில் யார், அடுத்தது யார், யார் எந்த இடத்தில் அழ வேண்டும் என்பதுவரை முடிவாகியிருந்தது. முதலில் பேச வேண்டியவர் சூசைமிக்கேல். சொந்தமாகப் படகு வைத்திருப்பவர், குரல் பெரியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

ஆணையர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஐயா, நான் காரவிளைக்குப் போகணும். எவ்வளவு தூரம் இருக்கும்?”

சூசைமிக்கேல் அந்த அம்மாளின் வீங்கிய கால்களைப் பார்த்தார். தயாரித்து வைத்திருந்த பேச்சு அவர் முகத்திலிருந்து வடிந்துபோவதை இருதயராஜ் பார்த்தான்.

“அது கெடக்கு தாயி. மொதல்ல நெழல்ல இரிங்க. ஏ, யாராவது தண்ணி கொண்டாங்கடே. காரவிளையா? இந்தா இருக்கு. பொடிநடையாப் போயிரலாம்.”

எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அடுத்தவள் வியாகுலம். கெட்டுப்போன மீனைத் தேரியிலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தவள். அவள் நுங்கு சீவிக் கையில் கொடுத்தாள். “அந்தப் பனை தெரியுதுலா, அதுதான் தாயி காரவிளை. கூப்பிடு தூரம். ஒரு சத்தம் குடுத்தா ஆளு வந்து கூட்டிட்டுப் போவும்.” எழுத்தர் அதையும் எழுதினார். அதற்கு அடுத்தவரும் அதையே சொன்னார். ஒருவரைவிட ஒருவர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். கடைசியில் காரவிளை பூவரச மரத்துக்குப் பின்னாலேயே இருப்பது போல ஆகிவிட்டது. விருந்தாளியைப் பயமுறுத்தாமல் காப்பாற்றிவிட்ட நிறைவு எல்லார் முகத்திலும் தெரிந்தது. தணிகைநாதன் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஆணையர் அந்தோணியம்மாளிடம் வந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தாள். எவன் மூளை இது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வேறு எவனுக்கும் இது தோன்றியிருக்காது. ஊரில் வளர்ந்தவனுக்குத்தான் தோன்றும்.

“தூரந்தாம்மா” என்றாள். “ரொம்பத் தூரம். இவிய எல்லாரும் ஒங்க மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுதாவ. இப்ப எறங்குனிய, பொழுதடஞ்சாலும் போய்ச் சேரமாட்டிய. ஒங்க காலு தாங்காது. போவாதீய.”

ஊர் திகைத்துப்போனது. அப்புறம் வெட்கப்பட்டது.

“ஏட்டி, வந்த மனுசிகிட்டயா இப்பிடிச் சொல்லுவ?” என்றாள் வியாகுலம். குரலில் உண்மையான வேதனை இருந்தது.

“அவ கெடக்கா தாயி” என்று சூசைமிக்கேல் குறுக்கே வந்தார். “அவளுக்கு என்னமோ மனக்கஷ்டம், ரெண்டு நாளா இப்பிடித்தான். நீங்க ஒண்ணும் பயப்படாதீய. இந்தா இருக்கு.”

இந்தா இருக்கு, இந்தா இருக்கு என்று நாலாபக்கமும் சொன்னார்கள். ஒரு கிழவர் எழுந்து, வேண்டுமானால் தானே கூட வந்து விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். அவரால் கோயில் வாசல்வரைகூடத் துணையில்லாமல் நடக்க முடியாது. ஆணையரின் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மக்களை நான் பார்த்ததில்லை என்று எழுத்தரிடம் சொன்னார். பிறகு, முழங்கால் வலிக்கிறது என்று காரைக் கொண்டுவரச் சொல்லி ஏறிக்கொண்டார். தேரியில் அவரும் கால் வைக்கவில்லை. அதுதான் இத்தனை பேர் சொல்லிவிட்டார்களே.

கூட்டம் கலைந்தபோது அந்தோணியம்மாள் இருதயராஜைத் தாண்டிப் போனாள்.

“சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட” என்றாள். நிற்கவில்லை.

ஊர் ஒரு வாரம் காத்திருந்தது. எதற்கு என்று இருதயராஜுக்கு முதலில் புரியவில்லை. ஒருநாள் சூசைமிக்கேல் வழியில் அவனை மறித்து, அந்த அம்மாள் காரவிளை போய்விட்டு வந்தார்களா, காலுக்குத் தேவலையா, விசாரணையை எப்போது ஆரம்பிப்பார்கள் என்று கேட்டார். பேச்சை மறந்துவிடக் கூடாது என்று தினமும் படகில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். விசாரணை முடிந்துவிட்டது என்று சொல்ல இருதயராஜுக்கு வாய் வரவில்லை. சீக்கிரம் ஆரம்பிப்பார்கள் என்றான்.

அனுமதி வந்தது. தினசரி விமானம் வந்தது. தணிகைநாதனுக்குப் பேனாவும் கிடைத்தது. தேரி நீண்டது நீண்டபடியே கிடந்தது. மீன்காரப் பெண்கள் பிடிவாதமாகக் கொஞ்ச நாள் நடந்தார்கள். பிறகு ஒருத்தி ஒருத்தியாக நின்றார்கள். சிலர் இறால் உரிக்கப் போனார்கள். அந்தோணியம்மாள் அதற்கும் போகவில்லை. காரவிளைக்கு எங்கிருந்தோ பனிக்கட்டியில் வைத்த மீன் லாரியில் வந்தது; பழகிக்கொண்டார்கள். வெண்முனைக்குப் போகிறவர்களில் புதிதாக ஒரு ரகம் சேர்ந்தது: காலையில் போய், ஒரு காப்பி குடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறவர்கள். காப்பி சுமார்தான் என்றார்கள்.

இருதயராஜின் வீட்டு வராந்தாவில் நின்றால் அக்காள் வீட்டு நீலக் கதவு தெரியும். முற்றத்தில் அவள் துணி காயப்போடுவதும், கோழியை விரட்டுவதும் தெரியும். விசாரணைக்கு அப்புறம் அவள் இந்தப் பக்கம் வரவில்லை. அவனும் போகவில்லை. அவளுக்குக் கோபம் ஆறட்டும் என்று முதலில் நினைத்தான். ஆறியிருக்கும் என்று தோன்றியபோது, இத்தனை நாள் போகாமல் இப்போது என்ன முகத்தோடு போவது என்று நினைத்தான். ஒற்றையடிப் பாதையில் தாழை இரண்டு பக்கமும் வளர்ந்து கைகோத்துக்கொண்டது. இப்படியே ஒரு வருடம் போய்விட்டது.

அப்போது நிறுவனத்துக்குப் பெரிய மனசு வந்தது. உலகின் மிகச் சிறிய வான்வழி என்று விளம்பரம் செய்துகொள்ள அவர்களுக்கு ஒன்று தேவைப்பட்டிருந்தது. புன்னையடியில் ஒரு குட்டி ஓடுதளம், காரவிளையில் ஒன்று. மீன்காரப் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வாடை வராத மூடிப்பெட்டியும் இலவசம். பறக்கும் நேரம் நாலு நிமிடம். தேரிக்கு மேலே இருந்த வானமும் நீண்டு கிடந்ததால், அதையும் சுருக்கித்தான் பறக்க வேண்டும். யாருடைய தூரத்தை யார் யாருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தணிகைநாதன் மேடையேறி, மக்களை வானத்துக்கு உயர்த்துகிறோம் என்று பேசினார். மக்கள் கைதட்டினார்கள். வந்தவர் மனசு நோகக் கூடாதே.

கொஞ்ச நாள் கழித்து, முதல் குட்டி விமானம் கிளம்புவதற்கு முன்னால், பானுரேகா அவனுடைய மேசைக்கு வந்தாள். சந்தோஷமாக இருந்தாள்.

“உங்க ஊர்ப் பொம்பளைங்க மாதிரி நான் பாத்ததில்லங்க. இந்தக் குட்டி வழிக்கும் கொஞ்சம் மிச்சத் தூரம் நிக்கும். அதை எங்க வைக்கிறதுன்னு பயன்படுத்துறவங்களையே கேட்டு முடிவு பண்ணணும்னு இப்ப விதி வந்திருக்கு. வேற ஊரா இருந்தா பக்கத்து ஊர் மேல தள்ளிவிட்டிருப்பாங்க. இவங்க யாருக்கும் தொந்தரவு இல்லாத எடமா ஒண்ணு சொன்னாங்க.”

திரையை அவன் பக்கம் திருப்பினாள். வானத்திலிருந்து எடுத்த படம். ஒரு முனையில் புன்னையடியின் கடைசி வீடு; மறுமுனையில் விமான நிலையத்துக் குடியிருப்பு. நடுவே தாழம்புதர்.

“யாரு சொன்னது?”

“அந்தோணியம்மாள்னு ஒருத்தங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ‘அங்க ஒரு பாதை உண்டு, இப்ப யாரும் நடக்கிறதில்ல’ன்னாங்க. நானும் ஒரு வருஷத்துப் படம் முழுக்கப் பாத்துட்டேன். கோழி போகுது, ஆடு போகுது. மனுஷக் கால் ஒண்ணுகூட இல்ல. இருந்தாலும் தேரி விஷயத்துல படத்தை மட்டும் நம்பி ஒருதடவை தப்புப் பண்ணிட்டோம். நீங்க ஊர்க்காரர், நீங்க சொல்லுங்க. அந்த வழியா யாராவது போறாங்களா? ஒரு ஆள்னாலும் சொல்லுங்க, நிறுத்திடறேன். வேற எடம் கிடைக்கிற வரைக்கும் விமானம் வேண்டாம்.”

அவள் உண்மையாகவே கேட்டாள். இரண்டு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவர் உண்மையாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

இருதயராஜ் திரையைப் பார்த்தான். ஒரு ஆள் உண்டு, தம்பி ஒருவன் அக்காளைப் பார்க்கப் போவதுண்டு என்று சொல்லிவிடலாம். சொன்னால் குட்டி விமானம் நிற்கும். அவள் கூடை மறுபடியும் மூலையில் கிடக்கும். அதோடு, அது பொய். நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன் என்று சொல்லலாம். ஒரு வருடமாகத் தினமும் அதுதான் உண்மை. ஆனால் நாளைக்குப் போகிறவனின் கால்தடம் எந்தப் படத்திலும் விழாது.

“இல்ல” என்றான். “யாரும் போறதில்ல.”

“நல்லதாப் போச்சு. திங்கள்கிழமைலேர்ந்து வச்சிடறோம். தினம் பறக்கிறதால இது கரையாது. பரவாயில்லல்ல?”

பரவாயில்லை என்றான்.

திங்களுக்கு முன்னால் ஒருதடவை போய்விட வேண்டும் என்று முடிவு செய்தான். சனிக்கிழமை பனிக்கட்டி வெட்டப் போகிறவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தான். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு நின்றான். யோசித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. சாயங்காலம் போகலாம் என்று உள்ளே வந்தான். சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

திங்கட்கிழமை காலையில் புன்னையடியின் குட்டி ஓடுதளத்தில் ஒலிபெருக்கி பறக்கும் நேரத்தை அறிவித்தது. பெண்கள் கூடைகளை மூடிப்பெட்டிகளுக்குள் வைத்துக்கொண்டு ஏறினார்கள். வியாகுலம் சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி அவளைக் கேலி செய்தாள். இருதயராஜ் வாசலில் நின்று ஒவ்வொருத்திக்கும் கும்பிடு போட்டான். அந்தோணியம்மாள் அவனைக் கடந்து ஏறினாள். ஒரு பயணி ஓர் அலுவலரைக் கடக்கிற மாதிரியே கடந்தாள். ஒன்பது மணிக்கெல்லாம் விற்றுவிட்டுத் திரும்பி வந்தார்கள். கூடை காலி. காரவிளையில் அவர்கள் மீன் விற்ற தெருவில் சண்டையே வந்ததாம், யாருக்கு முதலில் என்று.

அவன் வீட்டுக்குப் போய், பெயர் வில்லையைக் கழற்றி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தாழம்புதருக்குள் இறங்கினான்.

நீலக் கதவு எப்போதும் போலப் பக்கத்திலேயே இருந்தது. நடந்தான். தாழைமுள் கையைக் கிழித்தது. மணல் நிறைய இருந்தது; எத்தனை எட்டு வைத்தாலும் அடுத்த எட்டுக்கும் மணல் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அவனுடைய வராந்தாவும் பக்கத்திலேயே இருந்தது. நிழல் காலடிக்குள் சுருங்கி, மறுபக்கம் நீளத் தொடங்கியது. நீலக் கதவு அதே அளவில் இருந்தது. இந்த மணலில்தான் மீனும் கூடையுமாக நடந்தார்கள் என்று நினைத்தான். இல்லை, அது வேறு மணல், இதைவிட நீளம்.

அந்தோணியம்மாள் கூடையைக் கழுவ முற்றத்துக்கு வந்தாள். அவள் புடவையின் ஓரக்கிழிசல்கூட அவனுக்குத் தெரிந்தது.

“யக்கா” என்று கூப்பிட்டான். குரல் கொஞ்ச தூரம் போய் மணலில் விழுந்தது.

அவள் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் நிமிர்ந்தாள். நெற்றிக்கு மேலே கையை வைத்துப் பார்த்தாள். அவன் நடப்பதையும், நடந்தும் அங்கேயே இருப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். கூடையைக் கவிழ்த்துக் காயவைத்தாள். உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். திண்டின் மேல் வைத்தவள், என்ன நினைத்தாளோ, வெயில் எப்படித் திரும்பும் என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, சாயங்காலம்வரை நிழல் விழுகிற சுவரோரத்துக்கு அதை நகர்த்தினாள். மேலே ஒரு தட்டை மூடினாள். காக்கை தட்டிவிடாமல் தட்டின் மேல் ஒரு கல்லை வைத்தாள்.

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா?